ஜன்னலில் ஒட்டிய மரச்சீவல்



பட்டம் பெற்ற உங்களைப் பார்த்து இன்று சாயங்காலம் வீட்டில், ‘அப்பாடா, படிப்பு முடிந்தது’ என்பார்கள். ஒருவருக்குப் படிப்பு தொடங்கிய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். நடந்தது ஜப்பானில்.

அவர் பெயர் ஒகாவா மிட்சுவோ. பள்ளிச் சுற்றுலாவில் நாரா பகுதியிலுள்ள ஹோர்யூஜி கோயிலுக்குப் போனார். உலகில் இன்றும் நிற்கிற மரக் கட்டடங்களில் மிகப் பழையவை அந்த வளாகத்தில்தான் இருக்கின்றன. சுமார் 1300 வருஷமாக அங்கே ஓர் ஐந்தடுக்குக் கோபுரம் நிற்கிறது. சுமார் 32 மீட்டர் உயரம், மரத்தால் கட்டியது. அதை அண்ணாந்து பார்த்த பையனுக்கு, செய்தால் இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. பள்ளி முடிந்ததும் அந்தக் கோயிலின் தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகாசுவின் வாசலில் போய் நின்றார்.

அப்போது கோயில் வேலை ஏதும் இல்லை. தலைமைத் தச்சர் சமையல் பாத்திரத்துக்கு மர மூடி செய்துகொண்டிருந்தார். கற்றுத்தர வேலை இல்லையப்பா என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்தக் கதையில் என்னை அதிகம் தொட்டது அந்தப் பாத்திர மூடிதான். ஹோர்யூஜித் தச்சர்கள் காசுக்காக வீடு கட்டக் கூடாது என்பது பரம்பரைக் கட்டுப்பாடு. கோயில் வேலை இல்லாத காலத்தில் சொந்த வயலில் உழுது சாப்பிட்டார்கள். கூலிக்காக அவசரப்பட்டு வேலை செய்து பழகிய கைக்குக் கோயிலில் நிதானம் வராது என்று அவர்கள் நம்பினார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்காக நிஷியோகாவின் குடும்பம் பட்டிருக்கக்கூடிய கஷ்டத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒகாவா விடவில்லை. வேறு பட்டறைகளில் சில வருஷம் கழித்துவிட்டு மறுபடியும் வந்தார். இந்தமுறை சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷம் இட்ட கட்டளை இதுதான்: தொலைக்காட்சி வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், தச்சுப் புத்தகங்கள்கூட வேண்டாம்; கருவியைத் தீட்டு.

தீட்டுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஜப்பானிய இழைப்புளியின் அலகு இரண்டு உலோகங்கள் சேர்ந்தது. மென்மையான இரும்பின்மேல் கடினமான எஃகை மெல்லிய ஏடாக வைத்து உலையில் ஒட்டவைத்திருப்பார்கள். அதைத் தண்ணீர் விட்டுத் தீட்டுக்கல்லில் தேய்க்கும்போது மணிக்கட்டு இம்மி அசைந்தாலும் விளிம்பு உருண்டுபோகும். தேய்க்கத் தேய்க்கக் கல்லிலும் குழி விழும். முதலில் அந்தக் கல்லைச் சமன் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் இதேதான். குருவோ வாய் திறந்து சொல்லித் தருவதில்லை. ஒருநாள் வந்தார், இழைப்புளியை எடுத்தார், ஒரே இழுப்பு இழுத்தார். மெல்லிய சீவல் ஒன்று வந்தது. இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒகாவா அந்தச் சீவலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். தினமும் அதைப் பார்ப்பார், தீட்டுவார், இழைப்பார், தன் சீவலை அதோடு ஒப்பிடுவார்.

இவ்வளவு கூர் எதற்கு? மழுங்கிய அலகு மரத்தின் நாரை நசுக்கும். நசுங்கிய இடம் ஈரத்தைக் குடிக்கும், பூஞ்சை பிடிக்கும். கூரான அலகு நாரை அறுத்துவிட்டுப் போகும். மேலே விழுந்த தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும். எண்ணெயும் வண்ணமும் பூசாத மரத்துக்கு அந்தக் கூர்தான் காப்பு.

அலகு கூரானால் மட்டும் போதாது, மரத்தைத் தெரிய வேண்டும். நிஷியோகா சிறுவனாக இருந்தபோது அவரைத் தொழிற்பள்ளியில் சேர்க்க அப்பா விரும்பினார். தலைமைத் தச்சராக இருந்த தாத்தா ஒப்பவில்லை. விவசாயப் பள்ளிக்கு அனுப்பினார். மண்ணை அறியாதவனுக்கு மரம் பிடிபடாது என்பது அவர் கணக்கு. மலையின் தெற்குச் சரிவில் வெயில் வாங்கி வளர்ந்த மரத்தில் கிளை அதிகம், அதனால் கணுவும் அதிகம். அதைக் கட்டடத்தின் தெற்குப் பக்கமே வைப்பார்கள். வலப்பக்கம் முறுகும் மரத்தோடு இடப்பக்கம் முறுகும் மரத்தைச் சேர்த்துப் பூட்டுவார்கள். ஒன்றின் முறுக்கு மற்றதைப் பிடித்து நிறுத்தும். கோணல் மரம் என்று எதையும் ஒதுக்குவதில்லை. ஒவ்வொன்றின் குணத்துக்கும் ஓர் இடம் தேடுவதைத்தான் அவர்கள் துல்லியம் என்கிறார்கள். அளவுகோல் அதற்கு அப்புறம்தான் வரும்.

1934-ல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் ஹோர்யூஜிக் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கூரையின் ஓடுகளையும் மண்ணையும் இறக்கிய சில நாளில், நூற்றாண்டுகளாகப் பாரம் சுமந்து தாழ்ந்திருந்த இறவாரம் மெல்ல மேலே எழும்பியதாம். மேற்பரப்பைக் கொஞ்சம் இழைத்ததும் ஹினோகி என்ற ஜப்பானிய மரத்தின் வாசனை வந்ததாம். அங்கே வேலை செய்த நிஷியோகா பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். 1300 வருஷத்துக்கு முன் வெட்டிய மரம் அது.

கடைசியாக ஒன்று. நாராவின் யாகுஷிஜி கோயிலில் இரட்டைக் கோபுரங்கள். கிழக்குக் கோபுரம் 730-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மேற்குக் கோபுரம் 1528-ல் போரில் எரிந்துபோனது. அதை மறுபடி எழுப்பும் பொறுப்பு நிஷியோகாவிடம் வந்தது. கோபுரத்துக்கு வேண்டிய அளவு வயதான ஹினோகி ஜப்பானில் கிடைக்காததால் தைவானிலிருந்து மரம் வரவழைத்தார்கள். 1981-ல் கோபுரம் எழுந்தது. பக்கத்துக் கோபுரத்தைவிடச் சற்று உயரமாகவே கட்டியிருந்தார். புது மரம் பாரம் தாங்கி மெதுவாக அமுங்கும், அடித்தளமும் இறங்கும். பல நூற்றாண்டு கழித்து இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும் என்று கணக்கிட்டிருந்தார்.

1995-ல் நிஷியோகா காலமானார். உங்களில் யாராவது நாரா பக்கம் போனால் நின்று பாருங்கள். அவர் கணக்கிட்ட அந்தப் பல நூற்றாண்டு இன்னும் முடியவில்லை.