நல்லா ஓட்டுறவருக்கு இன்சூரன்ஸ் குறையணும்!

(ஐ.டி. விங் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்க கார் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்க. 1000 சிசிக்கு மேல் 1500 வரை உள்ள சொந்தக் காருக்கு, 2022 ஜூன் 1 முதல் ஒன்றிய அரசு நிர்ணயித்த தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு ₹3,416. இருபது வருஷம் கீறல் இல்லாம ஓட்டினவருக்கும் அதே தொகை, நேத்து லைசென்ஸ் வாங்கினவருக்கும் அதே தொகை!

"நோ கிளெய்ம் போனஸ் இருக்கே"ன்னு கேட்பீங்க. 20%-ல் தொடங்கி 50% வரை உண்டு. ஆனா அது சொந்த வண்டி சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான். அதுவும் கிளெய்ம் பண்ணாததுக்கு. நல்லா ஓட்டினதுக்கு இல்ல.

நம்ம வண்டி மோதி அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர்றதே தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான். டிரைவர் திறமைக்கு மதிப்பு அங்கேதானே வேணும்?

நம்ம கோரிக்கை இதுதான்: இரவு, மழை, நெடுஞ்சாலைன்னு ஓட்டிக் காட்டுற உயர்நிலைத் தேர்வு. விருப்பப்பட்டவங்க எழுதலாம். பாஸானா தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் தள்ளுபடி.

"காசு குடுத்து பாஸ் பண்ணிடுவாங்களே?" நியாயமான பயம். அதனால தேர்வு முழுக்க கேமராவில் பதிவாகணும். குடிச்சிட்டு ஓட்டி மாட்டினா தள்ளுபடி ரத்தாகணும்.

ஒழுங்கா ஓட்டினா பணம் மிச்சம். ரோட்டுல ஒரு உயிரும் மிச்சம். சரின்னு பட்டா பகிருங்க!