தரைவிரிப்பு கேட்ட ஆசிரியை

தறியில் நாடா உடைந்துவிட்டது. “உன் கூலியில் வாங்கிப் போட்டுக்கொள்” என்று முதலாளி சொன்னால் நாம் ஒப்புவோமா? ஒப்ப மாட்டோம். ஆனால் பணக்கார நாடான அமெரிக்காவில் சர்க்கார் பள்ளி ஆசிரியர்கள் பலர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். அதைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டும் டெலிவிஷன் நாடகம் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறோம்.

பெயர் ‘அபாட் எலிமென்டரி’. 2021 டிசம்பரில் தொடங்கியது. அதை உருவாக்கி, முக்கிய வேடத்தில் நடிப்பவர் குவின்டா பிரன்சன். பிலடெல்பியா நகரத்துக் கறுப்பினப் பெண். அவருடைய தாயாரும் அந்நகரத்தில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொன்னவர். ஆறாம் வகுப்பில் தமக்குக் கற்பித்த ஆசிரியையின் பெயரையே நாடகப் பள்ளிக்கு வைத்திருக்கிறார்.

முதல் கதையைக் கேளுங்கள். இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஜெனீன். அவர் வகுப்பில் குழந்தைகள் உட்காரும் தரைவிரிப்பு பாழாகிவிட்டது. புதிது கேட்கிறார். பணமும் வருகிறது. தலைமை ஆசிரியையோ அந்தப் பணத்தில் தன் முகம் போட்ட பலகையைப் பள்ளிக்கு வெளியே வைத்துவிடுகிறார்! கடைசியில் இன்னொரு ஆசிரியை தெரிந்த ஆளைப் பிடித்து விரிப்புக்கு வழி செய்கிறார்.

பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். நாமும் சிரிப்போம். ஆனால் குற்றவாளி அந்தத் தலைமை ஆசிரியை மட்டும்தானா? ஒரு விரிப்புக்கே பள்ளி ஏன் கையேந்த வேண்டும்?

விடை வரியில் இருக்கிறது. பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் பள்ளிச் செலவில் பெரும்பங்கு அந்தந்த வட்டாரத்து வீடு, நிலங்களின் மீது போடும் வரியை நம்பியிருக்கிறது. மாளிகைகள் உள்ள வட்டாரத்தில் பணம் குவிகிறது. கூலிக்காரர் வாழும் வட்டாரத்தில் பெட்டி நிறைவதில்லை. ஏழைக் குழந்தைக்கு ஏழைப் பள்ளி! 2013-ல் பிலடெல்பியா பள்ளி நிர்வாகம் இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகளை மூடியது. சுமார் 3,800 பேருக்கு வேலை நீக்க உத்தரவு கொடுத்தது. ஆசிரியர்கள் மட்டுமல்ல, மதிய வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களும் அதில் அடக்கம்.

நாட்டின் சட்டம் செய்தது என்ன? வகுப்புக்குச் சொந்தக் காசில் சாமான் வாங்கும் ஆசிரியருக்கு, வருமான வரிக் கணக்கில் 250 டாலர் வரை கழித்துக்கொள்ள 2002-ல் இடம் கொடுத்தது. 2022-ல் அதை 300 டாலராக்கியது. நோய் இருப்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது, மருந்துதான் கொடுக்கவில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2014-ல் சில பள்ளி மாவட்டங்களும் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 2024 பட்ஜெட்டில் கூடுதல் பணமும் வந்தது. ஆனால் முழுப் பற்றாக்குறையும் அதில் தீரவில்லை.

தோழர்களே! நல்ல ஆசிரியை தன் காசைப் போட்டாவது குழந்தைக்குப் பென்சில் வாங்குவார். அவரை வணங்குவோம். ஆனால் ‘தியாகி’ என்று அவரைப் புகழ்ந்தே பட்ஜெட்டை மறைப்பவர்களிடம் ஏமாறக் கூடாது. தியாகம் ஆசிரியை மனமுவந்து கொடுப்பது. விரிப்பு சர்க்கார் கொடுத்தே தீர வேண்டியது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத விடக் கூடாது!