அளந்து செலுத்துவோம்: இதய ஸ்கேனும் அயோடின் சிக்கனமும்

(மும்பை மாட்டுங்காவில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் இதய ஸ்கேன் பற்றிப் பேச முன்வருவது ஏன் என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். மருத்துவம் என் துறையன்று. ஆனால், எளிதில் பெருக்கவியலாத ஒரு பொருளை அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தளிப்பது எவ்வாறு என்பது பொருளாதாரத்தின் முதற் கேள்வியாகும். இதய சி.டி. ஸ்கேனின்போது கை இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்து, இக்கேள்வியை ஒரு மனித உடலின் எல்லைக்குள்ளேயே எழுப்புகின்றது.

மருந்தின் பணி

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லி மீட்டர் அகலமே உடையவை. எக்ஸ் கதிர்ப் படத்தில் இரத்தமும் தசையும் ஏறத்தாழ ஒன்று போலவே தோன்றும். அயோடின் அடங்கிய மருந்து இரத்தத்துடன் கலந்து இத்தமனிகளில் பாயும் சில வினாடிகளில் மட்டும் அவை வெண்மையாகப் பிரிந்து தெரிகின்றன. அடைப்பு உள்ள இடத்தில் அவ்வெண்மை குறுகுகின்றது.

வெண்மையை அளக்கும் அலகுக்கு, சி.டி. கருவியை உருவாக்கி 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. இதயத் தமனிகளைத் தெளிவாகப் படிக்கச் சுமார் 300 முதல் 350 அலகு போதுமானது. அதற்குக் குறைந்தால் படம் மங்கும். மிகவும் கூடினால் பயன் பெருகுவதில்லை.

இப்பரிசோதனையின் முக்கியத்துவத்துக்கு இரண்டு சான்றுகள் போதும். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியுடன் வந்த 4,146 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3.9 சதவீதத்தினர் 5 ஆண்டுகளுக்குள் இதயத் தமனி நோயால் இறந்தனர் அல்லது மாரடைப்புக்கு ஆளாயினர். அதனுடன் இதய ஸ்கேனும் செய்துகொண்டவர்களில் இது 2.3 சதவீதமே. மற்றொன்று, 2007-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 என்றும் அது காட்டிற்று. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதிலேயே நம் மக்களை இந்நோய் தாக்குகின்றது. எனவே இந்த ஸ்கேன் நகர்ப்புறச் செல்வர்களுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடலாகாது.

எல்லோருக்கும் ஒரே அளவு

நோயாளி யாராயினும் ஒரே அளவு மருந்து செலுத்துவது நெடுங்காலமாக இருந்து வந்துள்ள எளிய முறை. ஒரு மில்லி லிட்டரில் 350 மில்லி கிராம் அயோடின் கொண்ட மருந்தை 80 மில்லி லிட்டர் செலுத்துவதாகக் கொள்வோம். மொத்த அயோடின் 28 கிராம். தாராவியில் தையல் பட்டறை ஒன்றில் உழைக்கும் 42 கிலோ எடையுள்ள பெண்மணிக்கும், செம்பூரில் வசிக்கும் 84 கிலோ எடையுள்ள அலுவலருக்கும் இதே அளவு தரப்படுகின்றது எனில், அப்பெண்மணியின் உடலில் கிலோ ஒன்றுக்கு 667 மில்லி கிராம் அயோடின் சேர்கின்றது. அலுவலருக்கு 333 மில்லி கிராமே. ஒரே அளவு என்பது இங்கு சமத்துவமாகத் தோன்றினாலும், ஒருவருக்கு மற்றவரைப் போல் இரு மடங்கு தருவதே அதன் விளைவு.

அயோடினைப் பொறுத்த வரையில் நம் நாட்டின் வரலாறு கவனத்திற்குரியது. காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி முதலானோர் நடத்திய ஆய்வுகளுக்குப் பின், 1962-ல் தேசியக் கழுத்துக்கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் தேவை 150 மைக்ரோ கிராம் எனக் கணித்து, உப்பில் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று அளந்து சேர்த்தோம். ஒரு ஸ்கேனில் செலுத்தப்படும் 28 கிராமோ, அக்கணக்கில் 500 ஆண்டுத் தேவைக்கும் மேற்பட்டது! இம்மருந்தில் உள்ள அயோடின் வேறு அணுக்களுடன் இறுகப் பிணைந்தது. சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பகுதி ஒரு நாளில் வெளியேறிவிடும். ஆகவே அச்சம் கொள்ள வேண்டியதில்லை. எனினும் தைராய்டு நோயாளிகளிடத்தும், சிறுநீரகம் மிகவும் பழுதுற்றோரிடத்தும் எச்சரிக்கை தேவை. சிறுநீரகக் கேட்டின் அபாயம் முன்னர் எண்ணியதைவிடக் குறைவு என்று அமெரிக்க வல்லுநர் அமைப்புகள் 2020-ல் வெளியிட்ட கூட்டறிக்கையும், வடிகட்டும் திறன் 30-க்குக் கீழ் குறைந்தோரைக் குறித்து எச்சரித்துள்ளது.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். உப்பில் மைக்ரோ கிராமை அளந்த நாம், மருத்துவமனையில் கிராமை அளக்காமல் விடுவது பொருந்தாது.

எடை மட்டும் போதுமா?

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மருந்து கலப்பது இரத்தத்தில். கொழுப்புத் திசுவிலோ இரத்தம் குறைவு. புனே கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஞ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-ல் தம் உடல்களையே ஒப்பிட்டு வெளியிட்ட குறிப்பு புகழ்பெற்றது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆயின் உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஆகவே எடையுடன் உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் குறித்துக்கொண்டு, கொழுப்பு நீங்கிய உடல் எடையை மதிப்பிட்டு மருந்தைத் தீர்மானிப்பது மேலும் பொருத்தமாகும். மேலைநாட்டு அட்டவணையை அப்படியே பெயர்த்து ஒட்டுவதும் நமக்கு முழுமையாகப் பொருந்தாது.

வேகமும் மின்னழுத்தமும்

அளவைக் குறைப்பது என்றால் ஊசியைப் பாதியில் நிறுத்துவதன்று. 80 மில்லி லிட்டர், வினாடிக்கு 5 மில்லி லிட்டர் வீதம், 16 வினாடிகள் செல்கின்றது. வேகத்தை மாற்றாமல் 40 மில்லி லிட்டராகக் குறைத்தால் 8 வினாடிகளிலேயே மருந்து தீர்ந்துபோகும். படமெடுக்கும் தருணம் தவறிவிடலாம். அதே 16 வினாடியை வைத்துக்கொண்டு வேகத்தை 2.5 ஆகக் குறைத்தால், கிலோ ஒன்றுக்கு இருவருக்கும் ஒரே விகிதம் கிடைக்கும். மெலிந்த கைகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் அது நலம்.

இரண்டாவது வழி, எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தைக் குறைப்பது. குறைந்த ஆற்றலுள்ள கதிர்களை அயோடின் மிகுதியாக ஈர்ப்பதால், 120 கிலோ வோல்ட்டுக்குப் பதிலாக 100 அல்லது 80-ல் எடுக்கும் படத்தில் குறைந்த மருந்தே அதிக வெண்மை தருகின்றது. 10 கிலோ வோல்ட் குறைத்தால் மருந்திலும் சுமார் 10 சதவீதம் குறைக்கலாம் என்பது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் வகுத்த எளிய விதி. அதன்படி, 42 கிலோ எடையுள்ள அப்பெண்மணிக்கு 100 கிலோ வோல்ட்டில் 32 மில்லி லிட்டர் போதுமானதாகின்றது, கதிர்வீச்சும் குறைகின்றது. உடல் பருத்தவர்களுக்கோ இவ்வழுத்தத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். இங்கு நான் காட்டுவது கணக்கின் போக்கையே. நோயாளிக்குரிய அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் கதிரியக்க மருத்துவரே ஆவார்.

2022 தந்த பாடம்

உலகின் அயோடின் உற்பத்தியில் பெரும்பங்கு சிலி, ஜப்பான் ஆகிய இரு நாடுகளிலிருந்தே கிடைக்கின்றது. 2022-ல் கொரோனா ஊரடங்கினால் ஷாங்காய் நகரிலிருந்த ஜி.இ. ஹெல்த்கேர் நிறுவனத்தின் கான்ட்ராஸ்ட் மருந்து ஆலையில் உற்பத்தி தடைப்பட்டது. அமெரிக்க மருத்துவமனைகள் பல ஸ்கேன்களைத் தள்ளிவைத்தன. எடைக்கேற்ற அளவு, குறைந்த மின்னழுத்தம் ஆகிய முறைகளைப் பற்றாக்குறைக்குரிய நடவடிக்கைகளாக வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். பஞ்ச காலத்தில் கைகொடுக்கும் முறையைச் செழிப்புக் காலத்தில் கைவிடுவானேன்?

அலுவலர்களின் பொறுப்பு

மருத்துவர் அளவைக் குறைத்தாலும், கொள்முதல் முறை மாறாவிடில் சேமிப்பு ஏட்டளவில் நின்றுவிடும். 32 மில்லி லிட்டர் தேவைப்படும் இடத்தில் 100 மில்லி லிட்டர் புட்டி மட்டுமே இருப்பில் இருந்தால், மீதி 68 மில்லி லிட்டரும் கழிவாகும். ஒருவருக்கென அமைந்த புட்டியைப் பலருக்குப் பகிர்வது தொற்றுக்கு வழிவகுக்கும். அது கூடவே கூடாது. எனவே ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே சிறு புட்டிகளையும், பலருக்குப் பயன்படுத்தவென்றே அனுமதி பெற்ற பெரும் புட்டிகளை உரிய குழாய் அமைப்புடனும் கேட்டுப் பெறல் வேண்டும். நோயாளியிடம் கட்டணம் பெறும் இடங்களில், அக்கட்டணம் பயன்பட்ட அளவை ஒட்டி அமைதல் நன்று.

சி.டி. கருவிகளுக்கு உரிமம் வழங்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் செம்பூருக்கு அருகே அணுசக்தி நகரில்தான் இருக்கின்றது. கதிர்வீச்சின் அளவை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கருவியே பதிந்து தருகின்றது. மருந்தின் கணக்கை எழுத வேண்டியவர்கள் நாம். எடை, உயரம், கிரியேட்டினின், மின்னழுத்தம், செலுத்திய மருந்து, படத்தில் கிடைத்த வெண்மை ஆகிய ஆறு எண்களுக்கு ஒரு பதிவேடு போதும். மாதந்தோறும் அதைக் கூட்டிப் பார்த்தால், எவருக்கு மிகை, எவருக்குக் குறை என்பது தானே விளங்கும். நோயாளிகள் நெருக்கியடிக்கும் இடத்தில் இதற்கு நேரமேது எனலாம். ஓர் எடை இயந்திரமும், சுவரில் ஐந்தாறு வரிகள் கொண்ட அட்டவணையும் கேட்பது அரை நிமிடமே. மங்கிய படத்துக்காக ஒருவரை மீண்டும் அழைத்தால் ஒரு நாள் கூலியே போய்விடும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாட்டுங்காவிலேயே பொறியியலும் வேதியியலும் கற்பிக்கும் பெயர்பெற்ற நிறுவனங்கள் உள்ளன. தாராவியை ஒட்டி மாநகராட்சியின் பெரிய மருத்துவமனை இருக்கின்றது. நம் மக்களின் உடலமைப்புக்கு ஏற்ற அட்டவணையை மருத்துவர்களுடன் கூடி உருவாக்குவது, உங்கள் ஆய்வேடுகளுக்கு உகந்த பொருளாகும். சராசரி என்பது திட்டமிடுவோருக்கு உதவும் எண். ஸ்கேன் மேசைமீது வந்து படுப்பவரோ தமக்கென ஓர் எடையும் தமக்கென ஒரு சிறுநீரகமும் உடைய ஒரு தனி மனிதர். அவரை முதலில் நிறுத்துப் பாருங்கள். பிறகு மருந்தை அளங்கள்.