முதற்கணினியும் தமிழெழுத்தும்: வன்பொருளின் வலிமையும் வரம்பும்



தமிழில் எழுத்துகள் மிகுதி. அவற்றைக் குறைத்தால்தான் கணினியுகத்தில் மொழி நிலைக்கும் என்னும் குரல் அவ்வப்போது எழுகின்றது. அதனை எடைபோட, 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியைச் சான்றாகக் கொள்வோம்.

இன்டெல் 8088 சில்லு, 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகம், 16 கிலோபைட் தொடக்க நினைவகம்: இவை அதன் உறுப்புகள். அதன் ஒருவண்ணத் திரை, வரிக்கு 80 கட்டங்களாக 25 வரிகள் காட்டியது. கட்டங்களில் தோன்றத்தக்க 256 வடிவங்களும் சில்லிலேயே பொறிக்கப்பட்டிருந்தன. மென்பொருளால் அவற்றை மாற்ற இயலாது. தமிழுக்கு அங்கு இடமில்லை.

வண்ணத்திரை அட்டையோ ஒரு வாயிலைத் திறந்தது. வரைகலை முறையில், 256 வடிவங்களுள் பிற்பாதியான 128 வடிவங்களை நிரலரே வரைந்து தரலாம். தமிழ் அதில் அடங்குமா? கணக்கிட்டுப் பார்ப்போம். பதினெட்டு மெய்களுக்கும் புள்ளி வடிவம், அகர, இகர, ஈகார, உகர, ஊகார வடிவங்கள் என ஆறாறாக 108. ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் கொண்டு அமைத்தால் உயிர் 11; ஆய்தம் 1; துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி என 4. ஆக 124. தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தனிவடிவங்கள் ஏழையும் சேர்த்தால் 131, மூன்று மிகும். 247 எழுத்துகள் என்னும் எண் தோற்றுவிக்கும் அச்சம் இக்கணக்கில் பெரிதும் கரைந்துவிடுகின்றது.

உண்மையான இடர் புள்ளிப் பஞ்சமே. ஒரு கட்டத்துக்கு அகலத்தில் 8 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. மேலே இகரச் சுழிக்கும் கீழே உகரக் கீற்றுக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடலுக்கு நான்கைந்து புள்ளிகளே எஞ்சும். ணகரமும் ஞகரமும் அதில் நசுங்கும். அவற்றுக்கு இரு கட்டங்கள் ஒதுக்கினால் 128 என்னும் வரம்பு மீறப்படும்.

இதற்கான விடை அக்கணினியின் பெருவலிமையிலேயே இருந்தது. அதில் ஐந்து விரிவாக்கச் செருகிடங்கள் இருந்தன. அதன் தொழில்நுட்ப விவரங்களும் நூலாக வெளியிடப்பட்டன. எனவே பிறரும் அதற்கு அட்டைகள் செய்ய முடிந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல், தம் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத வேண்டி உருவாக்கியதே 1982இன் ஹெர்குலிஸ் அட்டை. 720க்கு 348 புள்ளிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆளலாம். ஆனால் விலையும் உண்டு: எழுத்துமுறையில் 4,000 பைட்டில் நிறைந்த திரைக்கு, இங்கே 31,320 பைட் தேவை. மெதுவான சில்லுக்கு அது எட்டு மடங்குச் சுமை.

இத்தகைய வரம்புகள் நிலவிய காலத்தில்தான், 1985இல், நம் நாட்டில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வன்பொருளின் வரம்பு சில ஆண்டுகளில் அகல்கின்றது. எழுத்திலிருந்து வெட்டியெறிந்தது எளிதில் மீள்வதில்லை. சீர்திருத்தம் வேண்டுமெனில் கற்போர் நலனையும் மொழியியல் நெறியையும் கொண்டு வாதிடுவோம். அன்றைய பொறியின் குறையைக் காரணமாக்க வேண்டா. புதுக்கருவி எதுவாயினும், நம் எழுத்தைத் திருத்தமாகக் காட்டும் திறப்பு அதில் உண்டா என்று முதலில் கேட்போம்.