குதிரையில் வந்த நர்ஸம்மாக்கள்: நம் மாநிலத்து லெஸ்லி கவுண்டியின் கதை

(சபையின் ஆண்டு விழாவையொட்டி, பெண்கள் ஐக்கிய சங்கமும் ஓய்வுநாள் பள்ளியும் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சபையின் வரலாற்றைச் சொல்ல இங்கே மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால் நாம் குடிவந்திருக்கிற இந்தக் கென்டக்கி மண்ணைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பிள்ளைகளே, திருநெல்வேலி எங்கே, நாகர்கோவில் எங்கே, யாழ்ப்பாணம் எங்கே என்று வரைபடத்தில் காட்ட உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். நீங்கள் பிறந்த கென்டக்கியில் 120 கவுண்டிகள் இருக்கின்றன. நம் ஊரில் தாலுகா என்கிறோமே, அதுபோல ஒரு நிர்வாகப் பிரிவு. அந்த 120-இல் எத்தனை பேர் உங்களுக்குத் தெரியும்? அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். அதன் பெயர் லெஸ்லி.

இங்கே லெக்ஸிங்டனிலிருந்து 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே லண்டன் என்ற ஊர் வரை போக வேண்டும். நம் கென்டக்கியிலும் ஒரு லண்டன் உண்டு! அங்கிருந்து ஹால் ராஜர்ஸ் பார்க்வேயில் கிழக்கே திரும்பினால் சமவெளி மறைந்து மலை தொடங்கும். இதுதான் அப்பலாச்சிய மலைநாடு. மலைகளுக்கு நடுவே, மிடில் ஃபோர்க் ஆற்றங்கரையில், ஹைடன் என்ற சிற்றூர். அதுதான் லெஸ்லி கவுண்டியின் தலைநகர்.

400 சதுர மைலுக்குச் சற்று அதிகமான பரப்பு. அதில் மட்டமான நிலம் மிகக் குறைவு. மலை, மலை, இடையிலே ஒரு குறுகிய பள்ளத்தாக்கு, அதில் ஒரு ஓடை. அந்த ஓடைக்கரையில் வரிசையாக வீடுகள். ஓடையின் பெயர்தான் அங்கே முகவரி. கட்ஷின் என்று ஒரு ஓடை, கிரீஸி என்று ஒரு ஓடை. 'ஹெல் ஃபார் சர்ட்டன்' என்றும் ஒன்று உண்டு. 'நரகம் நிச்சயம்' என்று அர்த்தம்! போதகர் ஐயா சிரிக்கிறார். அந்த ஓடைக்கரையிலும் நல்ல ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள்.

மிடில் ஃபோர்க் வடக்கே ஓடிக் கென்டக்கி ஆற்றில் சேர்கிறது. லெக்ஸிங்டனுக்குக் குடிநீர் எடுப்பது கென்டக்கி ஆற்றில்தான். ஆகவே உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால், அந்த மலையில் பெய்த மழையும் கொஞ்சம் அதில் வருகிறது. அந்த ஜனங்கள் நமக்கு அந்நியர் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

செரோக்கி, ஷானி இன மக்கள் அந்த மலைகளில் வேட்டையாடினார்கள். பிறகு வர்ஜீனியாவிலிருந்தும் வட கரோலினாவிலிருந்தும் ஆங்கிலேய, ஸ்காட்டிஷ், ஐரிஷ் வம்சத்தார் மலை ஏறி வந்து குடியேறினார்கள். 1878-இல் கிளே, ஹார்லன், பெரி ஆகிய மூன்று கவுண்டிகளிலிருந்து பிரித்து இந்தக் கவுண்டியை உண்டாக்கி, முன்னாள் ஆளுநர் பிரஸ்டன் லெஸ்லியின் பெயரை வைத்தார்கள். மலைச்சரிவில் சோளம் போட்டார்கள். மரம் வெட்டி, ஆற்றில் வெள்ளம் வரும்போது மிதக்கவிட்டுக் கீழே அனுப்பினார்கள். பிற்பாடு நிலக்கரி வந்தது.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். நூறு வருஷத்துக்கு முன் அந்தக் கவுண்டியில் மோட்டார் ஓடக்கூடிய சாலை கிடையாது. ஓடைப் படுகையே பாதை. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வயதான மருத்துவச்சி வருவார். நம் பாட்டி காலத்தில் நம் கிராமங்களில் இருந்ததும் அதேதான். பல மருத்துவச்சிகள் அனுபவசாலிகள். ஆனால் இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, ஜன்னி கண்டுவிட்டாலோ அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

அப்போது மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற அம்மா வந்தார். கென்டக்கியின் பெயர் பெற்ற குடும்பம். அவருடைய தாத்தா இந்த நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்தவர். நியூயார்க்கில் நர்ஸ் படிப்பு முடித்தவர். 1916-இல் அவருக்குப் பிறந்த பெண் குழந்தை சில மணி நேரமே உயிரோடிருந்தது. 1918-இல் நான்கு வயது மகனும் இறந்துபோனான். அதற்குப்பின் தம் வாழ்நாளைப் பிறர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்.

அவர் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். 1923-இல் லெஸ்லி, நாட், அவ்ஸ்லி ஆகிய மூன்று கவுண்டிகளிலும் குதிரையில் சுற்றி, 53 மருத்துவச்சிகளைப் பார்த்துப் பேசினார். எப்படிப் பிரசவம் பார்க்கிறீர்கள், என்ன கஷ்டம் என்று கேட்டார். திட்டம் போடுவதற்கு முன்னே போய், உட்கார்ந்து, கேட்டார்.

அடுத்து, தாம் கற்றது போதாது என்று கண்டார். அன்றைக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேறு, பிரசவம் பார்ப்பவர் வேறு. இரண்டும் சேர்ந்த படிப்பு இங்கே இல்லை. ஆகையால் இங்கிலாந்துக்குப் போய், நாற்பது வயதைக் கடந்தபின் மாணவியாக உட்கார்ந்து பேறுகாலப் பயிற்சி பெற்றார். ஸ்காட்லாந்தின் மலைகளிலும் தீவுகளிலும் மருத்துவ சேவை எப்படி நடக்கிறது என்றும் போய்ப் பார்த்து வந்தார்.

இந்த இடம் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. நானும் வெளிநாட்டில் படித்து இங்கே வந்த நர்ஸ்தான். நம் நாட்டில் அந்த ஆங்கிலேய முறையில்தான் எங்களுக்குப் பாடம். நர்சிங்கும் பேறுகால உதவியும் ஒரே படிப்பு. சான்றிதழிலும் இரண்டு பட்டமும் சேர்ந்தே இருக்கும். இத்தனை பிரசவம் பார்த்தேன் என்று கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் தேர்வுக்கே போனோம். இங்கே வந்தபின் தெரிந்தது, சாதாரண நர்ஸ் இங்கே பிரசவம் பார்ப்பதில்லை என்று. நம் ஊர் நர்ஸ்கள் கையில் இருந்த அந்த இரட்டைப் படிப்பைத்தான், 1925-இல் அந்த அம்மா லெஸ்லி கவுண்டிக்குக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் அவரோடு வேலை செய்தவர்களில் பலர் பிரிட்டனில் பயிற்சி பெற்றவர்கள். ஆம், 'ஃபாரின் டிரெயின்டு' நர்ஸ்கள்!

1925-இல் தொடங்கிய அந்த ஊழியத்துக்கு 1928-இல் 'ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ்' என்று பெயராயிற்று. அதே ஆண்டு ஹைடனில் ஒரு சிறு மருத்துவமனை திறந்தார்கள். ஆனால் உண்மையான வேலை மருத்துவமனையில் நடக்கவில்லை. ஓடைகளின் ஓரங்களில் சிறு நர்சிங் நிலையங்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுற்றுவட்டாரத்தில் சுமார் 5 மைலுக்குப் பொறுப்பு. சேணத்தின் இரு பக்கமும் தோல் பைகள். பைக்குள் கத்தரிக்கோல், மருந்து, சுத்தமான துணி, சோப்பு. நடுராத்திரியில் கணவன் வந்து கதவைத் தட்டினால், பனியானாலும் வெள்ளமானாலும் நர்ஸம்மா குதிரையில் ஏறிவிடுவார். கர்ப்பமான நாளிலிருந்தே வீடு தேடிப் போய்ப் பரிசோதித்தார்கள். பிரசவத்துக்குப் பின்னும் போய்ப் பார்த்தார்கள். டைஃபாய்டு, டிஃப்தீரியா தடுப்பூசிகளும் அவர்கள் பையில் வந்தன.

கட்டணம் உண்டா? உண்டு. பிரசவத்துக்கு 5 டாலர். மற்ற நர்சிங் உதவிக்குக் குடும்பத்துக்கு வருஷம் 1 டாலர். காசு இல்லாதவர்கள் குதிரைக்கு வைக்கோல் கொடுத்தார்கள், விறகு வெட்டினார்கள், வேலி கட்டினார்கள். நிலையம் கட்ட மரமும் உழைப்பும் தந்தார்கள். நிலையத்தின் காரியங்களைப் பேச உள்ளூர்க்காரர்களின் குழுவும் இருந்தது. தர்மம் வாங்குகிறோம் என்று யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. ஏழைக்கும் மானம் உண்டு என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

அதன் பலன் என்ன? அந்த நாட்களில் அமெரிக்கா முழுவதும் சேர்த்துப் பார்த்தால், 1000 பிரசவங்களுக்கு 6 அல்லது 7 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். இந்த நர்ஸ்கள் பார்த்த முதல் 1000 பிரசவங்களின் பதிவேடுகளை மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஆராய்ந்தது. பிரசவத்தின் காரணமாக ஒரு தாய்கூட இறக்கவில்லை. சாலையில்லாத, பணமில்லாத மலையில்! இதேபோன்ற சேவை நாடெங்கும் இருந்தால் வருஷத்துக்கு 10,000 தாய்மாரைக் காப்பாற்றலாம் என்று அந்த நிறுவனத்தின் புள்ளியியலாளர் எழுதினார். நர்ஸ் பிள்ளைகள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அம்மாக்கள் ஒவ்வொரு வீட்டிலும் நடந்ததை எழுதி வைத்ததால்தான் இது உலகத்துக்குத் தெரிந்தது. டியூட்டி முடிந்து களைத்துப்போய் சார்ட் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1931-இல் மேரி அம்மா குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அதன் பின்னும் முதுகில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்தார். 1939-இல் போர் மூண்டு பிரிட்டிஷ் நர்ஸ்கள் ஊர் திரும்பியபோது, சொந்தமாகவே ஒரு பேறுகாலப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1965-இல் இறந்தார். அந்தப் பள்ளிதான் இன்று ஃபிரான்டியர் நர்சிங் யூனிவர்சிட்டி. நமக்குப் பக்கத்திலேயே, வெர்சேல்ஸ் ஊரில் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அம்மாவுக்கு இன வேற்றுமை எண்ணம் இருந்தது. அவர் நிறுவிய பல்கலைக்கழகமே இன்று அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. என் நிறத்து நர்ஸ் ஒருத்தி அன்று அங்கே வேலை கேட்டுப் போயிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்குமோ! அவர் செய்த நன்மையும் உண்மை, இந்தக் குறையும் உண்மை. பிள்ளைகளே, பெரியவர்களின் கதையைப் படிக்கும்போது இரண்டையும் படியுங்கள். சாதி பார்த்த நம் சொந்த வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

லெஸ்லிக்குத் துக்கமும் உண்டு. 1970 டிசம்பர் 30-ஆம் தேதி, ஹைடனுக்கு அருகே ஹரிக்கேன் கிரீக் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்து 38 பேர் இறந்தார்கள். சுரங்கத் தொழிலாளரைக் காக்கும் மத்திய சட்டம் கையெழுத்தாகிச் சரியாக ஒரு வருஷம் ஆன நாள் அது. சட்டம் காகிதத்தில் இருந்தது. சுரங்கத்துக்குள் வந்து சேரவில்லை. புதுவருஷம் பிறக்க ஒரு நாள் இருக்கும்போது, அந்தச் சிறிய கவுண்டியில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டும் உண்டு. 'ராக்கி டாப்' பாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். டென்னஸி ரசிகர்கள் பாடினால் நம் வீட்டில் முகம் சுளிப்பீர்கள். அதை 1967-இல் பாடிப் பிரபலமாக்கிய ஆஸ்போர்ன் சகோதரர்கள் நம் லெஸ்லி கவுண்டிக்காரர்கள்!

இன்று அங்கே நிலைமை எளிதாக இல்லை. 1980-இல் 14,882 பேர் இருந்தார்கள். 2020-இல் 10,513 பேர். நிலக்கரி வேலை போயிற்று. இளையவர்கள் கீழே இறங்கி வருகிறார்கள். போதை மாத்திரை பல குடும்பங்களைக் கெடுத்தது. நாடெங்கும் கிராமப்புற மருத்துவமனைகள் பிரசவ வார்டுகளை மூடிவருகின்றன. கர்ப்பிணிகள் மலைப்பாதையில் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. சாலை வந்துவிட்டது. நர்ஸ் வீட்டுக்கு வருவதுதான் நின்றுவிட்டது.

மலைநாட்டு நோயாளிகள் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகளும் பள்ளியில் கேட்ட கேலி வார்த்தையை வீட்டில் சொல்வதுண்டு. சொல்லாதீர்கள். நம் அம்மா அப்பாவின் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. அந்த வலி நமக்குத் தெரியும். அந்தப் பாட்டிமார் என்னிடம் முதலில் கேட்பது, "நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா, உன் ஜனங்கள் எங்கே?" என்றுதான். நம் ஊர்த் திண்ணையில் கேட்கிற அதே கேள்வி. பதில் சொல்லி, அதே கேள்வியை நானும் திருப்பிக் கேட்டால், ஓடையின் பெயரிலிருந்து தொடங்கித் தாத்தா வரை சொல்லிவிடுவார்கள். அதற்குப்பின் இரத்த அழுத்தம் பார்ப்பது எளிது.

ஆகவே சபையாருக்கு என் விண்ணப்பம் இரண்டு. வருகிற இலையுதிர் காலத்தில் வாலிபர் சங்கமும் ஓய்வுநாள் பள்ளியும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ஹைடனுக்குப் போய் வரட்டும். மேரி அம்மா 1925-இல் கட்டிய மரவீடு வென்டோவரில் ஆற்றுக்கு மேலே இன்னும் நிற்கிறது. ஹரிக்கேன் கிரீக் நினைவிடத்தில் அந்த 38 பேருக்காக ஒரு நிமிஷம் நின்று ஜெபியுங்கள்.

இரண்டாவது, நம் சபையில் மருத்துவத் துறையில் இருக்கிறவர்கள் பலர். நாம் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு சில நாட்களாவது அந்த மலைக்குப் போகலாம். போனதும் முகாம் போட வேண்டாம். முதலில் அந்த ஊர்ச் சபையாரிடமும் அங்குள்ள நர்ஸ்களிடமும் உட்கார்ந்து, என்ன தேவை என்று கேட்போம். நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனின் அருகே இறங்கிப் போனான். நாமும் இறங்கிப் போக, இல்லை, மலை ஏறிப் போகக் கர்த்தர் நமக்கு மனதைத் தருவாராக.