பிரிந்து போனால் மட்டும் கேட்டுவிடுமா காது?



2024 பிப்ரவரி 1-ஆம் தேதி தில்லியில் இடைக்கால பட்ஜெட் வாசித்தார்கள். அன்றைக்கே, அப்போதைய பெங்களூரு ஊரக எம்.பி. டி.கே. சுரேஷ் ஒரு வார்த்தையை விட்டார். தெற்கின் பணம் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் தனி நாடு கேட்கும் நிலைமை வரும் என்றார். பிறகு, நான் இந்தியன்தான், அநியாயத்தைத்தான் சொன்னேன் என்று விளக்கமும் கொடுத்தார். ஆனால் விட்ட வார்த்தை திரும்பி வரவில்லை. டீக்கடையில் கேட்கிறார்கள், ரயிலில் கேட்கிறார்கள்: "பிரிஞ்சிட்டாத்தான் என்ன?"

வயிற்றெரிச்சல் நியாயம்தான், அதை நான் மறுக்கமாட்டேன். மாநிலங்களுக்குப் பங்கிடும் வரிப்பணத்தில் நூற்றுக்கு 4 ரூபாய் 71 காசு வாங்கிக்கொண்டிருந்த கர்நாடகத்துக்கு, 15-ஆவது நிதிக்குழு 3 ரூபாய் 65 காசாக வெட்டியது. உத்தரப் பிரதேசத்துக்குப் பதினேழு ரூபாய்க்கு மேல். ஏன் வெட்டினாய் என்றால், உன் மாநிலத்தில் சராசரி வருமானம் அதிகம் என்கிறார்கள். பெங்களூருக்காரன் சம்பளத்தையும் நம் சம்பளத்தையும் கூட்டி வகுத்தால், கோலார் தங்கவயலின் நம் ஆண்டர்சன்பேட்டையும் பணக்காரப்பேட்டைதான்! குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தலையெண்ணிக்கையிலும் நஷ்டம். இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

ஆனால் பிரிந்து போவது என்கிறார்களே, அதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

பெங்களூர் தில்லியைப் பார்த்துக் கேட்கிறது: நான் கொடுத்தது எவ்வளவு, எனக்கு வந்தது எவ்வளவு? சரி, அதே கேள்வியை நாம் பெங்களூரைப் பார்த்துக் கேட்டால்? 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து நம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு வந்தது 1905-இல். அப்படி முந்திக்கொண்ட ஊர், இன்றைக்குப் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு இருட்டிலே ரயில் ஏறுகிறது. கணக்குக் கேட்டுப் பிரிவதென்றால் கோலார் தங்கவயலல்லவா முதலில் பிரிய வேண்டும்!

நம் தங்கத்துக்கு எத்தனை எசமான்! 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி. 1956-இல் மைசூர் சர்க்கார். 1962-இல் மத்திய சர்க்கார். கடைசியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். எசமான் மாறினான், தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டின் கூரை மாறவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட்டில் செத்தும், தூசியைத் தின்று நுரையீரல் கெட்டும் நம் பாட்டன்கள் எடுத்தது 800 டன்னுக்கு மேல். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கதவைச் சாத்தினார்கள். நமக்கு மிஞ்சியது கழிவு மண் குவிந்த சைனைட் மேடு. காற்றடித்தால் அதன் மண் உங்கள் சோற்றில் விழுகிறது. தலைநகரம் பக்கத்தில் இருந்தால் நியாயம் கிடைக்கும் என்று சொல்கிறவர்களை அந்த மேட்டில் ஒருநாள் நிற்க வையுங்கள்.

இன்னொன்று. நம் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வேலூருக்கு ஓடுகிறோம். பேதமங்கலம் தாண்டினால் ஆந்திரா, வி.கோட்டா. மலை இறங்கினால் தமிழ்நாடு, பேர்ணாம்பட்டு. ஒரே வண்டியில் மூன்று மாநிலம். பிரிந்த தெற்கு ஒரே நாடாக இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? அன்றைக்குத் திராவிட நாடு கேட்டபோது கன்னடரும் தெலுங்கரும் மலையாளிகளும் கூடவா வந்தார்கள்? உச்ச நீதிமன்றமும் நடுவர் மன்றமும் இருக்கும்போதே காவிரிக்காக 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் வீடுகள் எரிந்தன. எல்லைக்கோடு நாட்டுக்கோடு ஆனால் முதலில் மாட்டிக்கொள்பவன் யார்? தமிழ் பேசிக்கொண்டு கர்நாடகத்தில் ஓட்டுப் போடும் நீங்களும் நானும்தான்.

நம் தங்கத்தைக் கொண்டுபோன அதே இங்கிலாந்தைப் பாருங்கள். வாரம் 35 கோடி பவுண்டு மிச்சம் என்று பஸ்ஸின் மேல் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். 2016-இல் நூற்றுக்கு 52 பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரியச் சொன்னார்கள். 2020-இல் பிரிந்தார்கள். தங்கள் சொந்த நாட்டுப் பகுதியான வட அயர்லாந்துக்குச் சரக்கு அனுப்பவே அவர்கள் இன்று சோதனைச் சீட்டு எழுத வேண்டியிருக்கிறது.

திராவிட நாடு கேட்ட அண்ணா சீனப் போருக்குப் பிறகு, 1963-இல் பிரிவினையைக் கைவிட்டார், காரணங்களைக் கைவிடவில்லை. மாநில உரிமைக் குரலாக அதை மாற்றினார். அவருக்கு முன்பே 1955-இல் அம்பேத்கர், வடக்கு எண்ணிக்கையால் தெற்கை அமுக்கும் என்று எழுதி, அதற்கு மருந்தும் எழுதினார்: உத்தரப் பிரதேசத்தை மூன்றாகப் பிரி, ஐதராபாத்தை இரண்டாம் தலைநகரமாக்கு. வீட்டை விட்டுப் போ என்று அவர் எழுதவில்லை. தெருவுக்குத் தெரு அவர் படத்தை மாட்டியிருக்கும் நாம் அதைப் படிக்க வேண்டாமா?

 ஓட்டு நெருங்கினால் எல்லாக் கட்சிக்காரரும் இந்தத் தெருவுக்கு வருவார்கள். தனி நாடு, ஒரே நாடு என்று பேச்சை எடுத்தால் நிறுத்துங்கள். நிதிக்குழுவிடம் எங்கள் பங்குக்கு என்ன கேட்பாய்? அதில் பெங்களூரைத் தாண்டி எங்கள் ஊருக்கு எவ்வளவு? லைன் வீட்டுப் பட்டா எப்போது, சைனைட் மேட்டை என்ன செய்வாய்? எழுதி வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுங்கள்.