தமிழ் மென்பொருளும் சிறு தொழிலும்



1985இல் முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது வாங்குவோர் மிகச் சிலர். அந்நாளில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். ஒன்றில் தட்டச்சிட்டது இன்னொன்றில் சிதைந்து தோன்றும். விற்பவர்க்கு அதுவே வேலி. வாங்கியவர் எளிதில் வேறிடம் போக இயலாது. யூனிகோடு அவ்வேலியை அகற்றியது. மொழியியலாருக்கு மகிழ்ச்சி, கடை நடத்துபவர்க்கு? ஆயினும் அவர் பொதுத் தரத்தின் பக்கமே நின்றார். 2005இல் செல்லினம் கைப்பேசிக்கு வந்தது. ஆப்பிள் கணினியிலுள்ள ‘தமிழ் எம்என்’ எழுத்துருவின் பெயர் தாங்கி நிற்பது அவர்தம் முதலெழுத்துகளையே.

இன்று அலோர் ஸ்டார் மாணவர் கைப்பேசியில் தமிழ் விலையின்றியே கிடைக்கிறது. அங்ஙனமாயின், நாளை உங்களுள் ஒருவர் சந்திப்பிழை திருத்தி ஒன்றை உருவாக்கினால், நம் பள்ளிகள் நகலெடுக்காமல் அதனை விலைகொடுத்து வாங்குமா?